அந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறவர்கள்

அந்தப் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு நான் போனது என் அக்காவுக்காக. மறுநாள் திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போவதாக இருந்தாள். தாயில்பட்டிப் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் போன சீசனில் ஒரு அறை வெடித்து, அவளோடு உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போனதால் அக்கா பிழைத்தாள். மூடிக் கிடந்த அந்தக் கம்பெனியை இப்போது வேறு பெயரில் திறக்கிறார்கள். ஒரு வாரமாகப் போகாதே போகாதே என்று கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வெளியே கூட்டிப் போனாலாவது மனசு மாறுவாள் என்று நினைத்தேன். சிவகாசியில் டிக்கெட் இல்லை. விருதுநகரில் மதியக் காட்சிக்குப் போனோம்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் அரை மணி நேரம் ஒரு கதவு தானாகத் திறப்பதைக் காட்டியே பயமுறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அரைத்த மாவையே அரைத்தார்கள். அதே பங்களா, அதே மாடிப்படி, பேய்க்கு மட்டும் புதுச் சேலை. முதல் பாகத்தில் அந்த வீட்டில் புருஷனைப் பறிகொடுத்த பெண், மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அங்கேயே குடிவருகிறாள். முன் வரிசையில் ஒருவன், "ஏக்கா, திரும்பவும் அங்கனயே போறீகளே, ஊர்ல வேற வீடே இல்லயா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இடைவேளையில் பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "கதையாக்கா இது? புருஷன் செத்த வீட்டுக்கு எவளாவது திரும்பப் போவாளா?" என்றேன்.

"எனக்கு அது ஒண்ணுதான் நெசமாத் தெரிஞ்சுச்சு. இருக்கதே அந்த ஒரு வீடு. வேற எங்கன போவா?" என்றாள். கொஞ்சம் தின்றுவிட்டு, "பேய்தான் பொய்யி. செத்தவுக வந்தா நான் உக்கார வச்சுப் பேசுவேன்ல," என்றாள்.

ஒரு விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சிவகாசியில் நான் மிஷின் ஓட்டுகிற பிரஸ்ஸுக்குத்தான் அந்தக் கம்பெனியின் லேபிள் ஆர்டர் வந்திருந்தது. பழைய லேபிளில் இருந்த அதே மயில், அதே சிவப்பு. பெயர் மட்டும் புதுசு. நானே ஓட்டி, கட்டுக் கட்டி, லோடும் ஏற்றிவிட்டேன். கம்பெனி திறக்கப் போவது அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் மூன்றாம் பாகம் வரும் என்று போட்டார்கள். திட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்று பைக்கில் அவள் ஊருக்குப் போனேன். தூக்குவாளியோடு வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "அந்த ரெண்டு பேரு மொகம்கூடவா உனக்கு மறந்துபோச்சு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. "சனிக்கிழம கூட்டிப் பெருக்கக் கூப்பிட்டிருந்தாக. லேபிள் கட்டு அம்புட்டும் வந்து கிடந்துச்சு. உங்க பிரஸ் சீட்டு ஒட்டியிருந்துச்சு," என்றாள்.



"மயில நல்லா அடிச்சிருக்க. நீ மட்டும் ஓட்ட மாட்டேன்னு சொன்னியாலே?"

வேன் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கும் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கும் அதே லேபிள்தான், இரண்டாவது லோடு.