பினாயில் சாரும் அழுக்குப் பஞ்சும்

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரைத் தெருவே 'பினாயில் சார்' என்றுதான் அழைக்கும். மீன்தொட்டி ஃபில்டரின் பஞ்சைக்கூட வாரந்தோறும் சோப்புப் போட்டுத் துவைப்பார். தண்ணீர் பளிங்குபோல் இருந்தும் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. பதறிப்போய் வண்ணமீன் கடைக்கு ஓடினார்.

"நல்ல கிருமியெல்லாம் அந்தப் பஞ்சுலதான் சார் குடியிருக்கு. மீன் கழிவுல இருக்கிற நஞ்சை முறிக்கிறதே அதுங்கதான். மொத்தத்தையும் கொன்னுட்டீங்களே!" என்றாள் கடைக்காரி.

முப்பது வருடம் கிருமிகளை விரட்டியவர் தலைகுனிந்தார். "கொஞ்சம் அழுக்குப் பஞ்சு கிடைக்குமாம்மா?"

அவள் தன் தொட்டியிலிருந்து எடுத்துத் தந்ததை, ஈரம் காயாமல், பேருந்தில் பச்சைக்குழந்தைபோல் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் அதைப் பொருத்தினார். நாலைந்து நாளில் மீன்கள் தெளிந்து நீந்தின.

பஞ்சைக் கசக்க வந்த மனைவியைக் கைநீட்டித் தடுத்தார்.

"தொடாதே! உள்ள குடும்பம் குடும்பமா இருக்காங்க."