நான் திருத்திய மூன்று பக்கங்கள்

தொண்ணூற்றொன்றில் சாவகச்சேரியில், போரில் மனம் நொந்தவர்களோடு கதைத்து ஆற்றுப்படுத்தும் உளவளத்துணை செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் பதினைந்து வருஷம் தமிழ் ஆசிரியை. ஷெல்லடியில் மகனைப் பறிகொடுத்த கமலாக்கா கிழமைக்கு ஒருநாள் வருவா. ஒரு சொல்லும் கதைக்கமாட்டா.

"கதைக்க ஏலாட்டி எழுதுங்கோ அக்கா" என்று ஒரு கொப்பி கொடுத்தேன்.

ஐந்தாம் கிழமை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தா. மகன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறான், சைக்கிள் துடைக்கிறான், சோறு கேட்கிறான். அவவின் மனம் திறக்கத் தொடங்கியிருந்தது. எனக்கோ பிழைகள்தான் கண்ணில் பட்டன. பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனையை எடுத்து, 'இறைக்கிறான்' என்பதை 'இறைத்தான்' என்றும், 'கேட்கிறான்' என்பதைக் 'கேட்டான்' என்றும் திருத்திக் கொடுத்தேன்.

அக்கா வரிவரியாகப் பார்த்தா. முதல்முறையாக வாய் திறந்தா.

"இதிலையெண்டாலும் அவன் உயிரோடை இருந்தவன், ரீச்சர்."

கொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனா. அடுத்த கிழமை வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஓம், பரவாயில்லை" என்று தேத்தண்ணி தந்தா. ஆனால் பிறகு அவ எழுதவேயில்லை.

மகன் இல்லையென்பது அவவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் அப்படி எழுதினா. அது விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது.