க்யூ தட்டில் மூன்று பெட்டி

மருந்துக்கடை அண்ணிக்கு ஆங்கிலம் வராது என்பது ஊரறிந்த சங்கதி. முதலில் ஊருக்குச் சொன்னவளே அவள்தான். பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள், இருபது வருடமாக ஒரே மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். டாக்டரின் கிறுக்கலைப் படிக்க அந்தத் தெருவில் அவளை விட்டால் ஆளில்லை. எழுதிய டாக்டருக்கே புரியாவிட்டால் சீட்டு அவளிடம்தான் வரும். ஆனால் ஆங்கிலத்தில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவளுடைய நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். சனிக்கிழமை மாலைகளில் நூலகத்தில் வார்த்தை விளையாட்டு நடத்துகிறவளும் அவளே. எழுத்து பொறித்த கட்டைகளைப் பையிலிருந்து ஆளுக்கு ஏழு எடுத்து, பலகையில் ஆங்கில வார்த்தையாகக் கோக்க வேண்டும். நாத்தனார் அண்ணி என்று கூப்பிட, நூலகமே அவளை மருந்துக்கடை அண்ணி ஆக்கிவிட்டது. துணைக்கு என்று வந்தவளுக்கு ஆட்டப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஆரம்பத்தில் அவள் வைத்ததெல்லாம் மாத்திரைப் பெயர்கள். ஒவ்வொரு வாரமும் சிரிப்பு.

“அண்ணி, கம்பெனிக்காரன் வச்ச பேரு செல்லாது. டிக்‌ஷனரில இருக்கணும்,” என்பாள் நாத்தனார்.

அண்ணி முகம் சுருங்கி வீட்டுக்குப் போவாள். ஒருநாள் கடையில் தூசி தட்டும்போதுதான் கவனித்தாள். எல்லாப் பெட்டியிலும் கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருந்தது; அதற்குக் கீழே உள்ளிருக்கும் மருந்தின் பெயர் எறும்பு சைஸில் இருந்தது. பெரியது கம்பெனியின் சொத்து. சின்னது எல்லோருக்கும் பொது. அன்றிலிருந்து பொடி எழுத்தை ஒன்று விடாமல் படித்தாள். “நான் எழுதின லெட்டரைக்கூட நீ இவ்ளோ ஆசையா படிச்சதில்ல,” என்று புருஷன் அங்கலாய்த்தான்.

இசட் வரும் வார்த்தை வேண்டுமென்றால் மற்றவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள். இவள் மனசுக்குள் கடையைத் திறந்து உள்ளே போவாள். ஏ வரிசைக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், இசட் வரிசைக்குக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ‘ஜிங்க்’ என்றால் படித்தவர்களே ஜேயா இசட்டா என்று ஒரு கணம் திணறுவார்கள். இவளுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அந்த மாத்திரைக்காகக் குத்துக்காலிட்டே தேய்ந்த முழங்காலுக்குத் தெரியும், அது இசட் என்று.

நூலகங்களுக்கு இடையே போட்டி வந்தது. ஒவ்வொரு நூலகத்துக்கும் இரண்டு பேர். ஒரு இடம் நாத்தனாருக்கு. இன்னொன்று, வாராவாரம் ஆட வரும் பேங்க் ஆபீசருக்கா அண்ணிக்கா? ஒரே ஒரு ஆட்டம், ஜெயிப்பவருக்கு இடம் என்று முடிவாயிற்று.

“தப்பா நினைக்காதீங்க அண்ணி. அங்க பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

“சங்கடம் எனக்கா, உனக்கா?”

நாத்தனார் கட்டைகளை அள்ளிப் பையில் போட்டாள். அண்ணிக்கு அந்த இடம் வேண்டும், வெறியோடு வேண்டும். வாழ்க்கையில் அவளை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தது அவள் அக்காவைத்தான். அக்கா முடியாது என்றதால் இவள்.

ஆட்டம் தொடங்கியது முதல் ஆபீசர் கைதான் ஓங்கியிருந்தது. பை காலியானபோது அண்ணி அறுபது புள்ளி பின்தங்கியிருந்தாள். அவள் கையில் மிஞ்சிய ஏழு கட்டைகளில் ஒன்று க்யூ. அது யாரும் சீண்டாத எழுத்து. அது அவள் கையில்தான் மாட்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்ட ஆபீசர், நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தார்.

அவள் கண்ணை மூடிக் கடைக்குள் போனாள். க்யூ தட்டு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் மொத்தமே மூன்று பெட்டி. முதல் இரண்டும் கம்பெனிப் பெயர், செல்லாது. மூன்றாவது கொய்னா, மலேரியா மாத்திரை; பெட்டியில் குயினைன் என்று மருந்தின் பொதுப் பெயரே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வாரம் முதலாளி கொய்னா மாத்திரை எடுக்கச் சொல்ல, அரை மணி நேரம் கே வரிசையைக் குடைந்திருக்கிறாள். கடைசியில் அவரே வந்து, க்யூ தட்டைக் காட்டி, நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தப் பெட்டியின் எழுத்து மறக்குமா? க்யூ, யூ, ஐ, என், ஐ, என், ஈ. விரல் விட்டு எண்ணினாள், ஏழு. கையிலிருந்த கட்டைகளைப் பார்த்தாள். அதே ஏழு.

நிதானமாக ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசி ஈ, பலகையில் மேலிருந்து கீழாக நின்ற ‘வென்ட்’ தலையில் உட்கார்ந்து அதை ‘ஈவென்ட்’ ஆக்கியது.

“குயினைனா? மருந்துப் பேரு செல்லாது மேடம்,” என்றார் ஆபீசர், நாத்தனாரைப் பார்த்து.

“டிக்‌ஷனரியைப் பாரு,” என்றாள் அண்ணி.

நாத்தனார் புரட்டினாள். விரல் பக்கத்தில் இறங்கிப் பாதியில் நின்றது. “இருக்கு,” என்றாள்.

ஏழையும் ஒரே வீச்சில் வைத்தால் ஐம்பது புள்ளி கூடுதல். கையும் காலி, பையும் காலி, ஆட்டம் முடிந்தது. நாத்தனார் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். இரண்டு முறையும் அண்ணிதான் முன்னே. நூலகம் முழுக்கக் கைதட்டியது. அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நாத்தனார் போட்டிப் படிவத்தைத் திறந்து, தன் பெயருக்கு மேலே அண்ணி பெயரை எழுதினாள்.

ஆபீசர் எழுந்து கை குலுக்கினார். “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டார்.

இத்தனை வருடமும் அவளைத் தரையைப் பார்க்க வைத்த கேள்வி அது. இன்றைக்கு அவள் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“மருந்துப் பெட்டி படிச்சிருக்கேன் சார். இருபது வருஷமா. இன்னும் முடிக்கல.”