பலகாரப் பை இல்லாமல் வந்தவர்

டொக். டொக்.

குசினியிலிருந்து ஊன்றுகோலின் சத்தம் புறப்பட்டது. எடிட்டிங் அறையில் இருந்த அருமைராசா எண்ணத் தொடங்கினார். குசினியிலிருந்து இந்த வாசலுக்குப் பதினான்கு ஊன்றல். ஒன்பதாவதில் கணினித் திரையை மாற்றினார். வெண்பனி மலைகள் மறைந்து, பூப்பெய்திய ஒரு பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்கும் மாமி வந்தாள்.

அவர் மனைவி அஜந்தா வாசலில் நின்றாள்.

"இது போன மாசத்துச் சாமத்திய வீடெல்லே? போன சனி ரொறன்ரோவுக்குப் போய் எடுத்தது எங்கை?"

"அது இன்னும் கொம்பியூட்டருக்கு ஏத்தேல்லை."

"அப்ப இவ்வளவு நேரமும் இரைஞ்ச காத்து? ஹோலுக்குள்ளை சூறாவளியையும் வாடகைக்கு எடுத்தவையோ?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவள் கதிரையை இழுத்து மெல்ல இருந்தாள்.

"எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். இருபத்தாறு வருசத்திலை நீங்கள் ஒரு சாமத்திய வீட்டாலையும் பலகாரப் பை இல்லாமல் வந்ததில்லை. வீடியோக்காரருக்கு ரெண்டு பையாய்க் குடுத்து விடுற சனம் எங்கடை சனம். நீங்கள் வெறுங்கையோடை வந்து சப்பாத்தைக் கழட்டுறியள், உள்ளுக்கை ஸ்னோத் தண்ணி. ரொறன்ரோவிலை ஸ்னோ எப்பவோ கரைஞ்சிட்டுது."

எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார். கோட்டைக் கசக்கி வைத்தார். சேட்டுக் கொலரில் சந்தனம்கூடப் பூசிக்கொண்டார். கடைசியில் கொண்டுவராத ஒரு பயித்தம்பணியாரத்தில் பிடிபட்டுப் போனார்.

திரையைத் திருப்பி மாற்றினார்.

எஞ்சின் இல்லாத ஒரு சீலை இறக்கை. அதன் கீழே லூக் என்ற தச்சனும் அவருமாகக் குப்புறத் தொங்கிக்கொண்டு பறக்கிறார்கள். கீழே மலைமுகடுகள் வெள்ளையாய்ப் படுத்துக் கிடக்க, இறக்கையின் நிழல் பனிமேல் ஊர்ந்து போகிறது. ஒரு கலியாண வீட்டில் சனத்துக்குள் பின்பக்கமாக நடந்தபடி கமரா நடுங்காமல் படம் பிடித்த அருமைராசாவை லூக் அங்கேதான் கண்டுபிடித்தான். போன சனி பழகிப் பார்க்க இருபது நிமிடம். வருகிற சனி எழுபது கிலோமீற்றர், மலைக்கு மலை தாவி, பனி கரைய முன்னம். கையில் கமராவோடு கூடப் பறக்க அவர் வருவாரா என்று கேட்க இன்று நாலு மணிக்கு லூக் வருவான் என்பதையும் அவளுக்குச் சொல்லி முடித்தார்.

இருபத்தாறு வருடமாக அவர் கமராவுக்கு மேலே இருந்தது கலியாண மண்டபக் கூரை மட்டும்தான்.

திரையில் அருமைராசா வாய்விட்டுச் சிரித்தார். அஜந்தா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இப்பிடி நீங்கள் சிரிச்சு நான் கண்டு எத்தினை வருசம்," என்றாள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னர் ரொக்ஸ்பரோ ரயில் ஸ்டேசன் படியில் ஐஸ் வழுக்கி அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்றுமுதல் முதற்பனி விழுந்தால் கடைசிப்பனி கரையும்வரை அவள் தனியே வாசற்படி தாண்டுவதில்லை. ஆசுப்பத்திரிக்குப் போனாலும், தலைக்கு முழுகினாலும், அவருடைய கைதான் அவளுக்குக் கால்.

"போகவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை," என்றாள். "ஆனால் நீங்கள் விழுந்தால் என்னை ஆர் தூக்கிறது? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

வேண்டாம் என்றிருந்தால் சண்டை பிடித்திருப்பார். சண்டையில் வென்றுகூட இருப்பார். இந்தக் கேள்வியோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நாலு சுவரும் ஓரடி கிட்ட வந்ததுபோல் இருந்தது. அவர் திரையை அணைத்தார்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தார். குளிரோடு லூக் உள்ளே வந்தான்.

"பொன்ஜூர், ராசா. சனிக்கிழமை காற்று அருமையாக இருக்குமாம். காலை ஆறு மணிக்கு வந்து உன்னை ஏற்றவா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

அருமைராசா படுக்கையறைக்குள் போய், லூக் கொடுத்து, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த தலைக்கவசத்தை எடுத்து வந்தார். அதன் உட்புறத்தை ஒருமுறை விரலால் தடவினார். பிறகு நீட்டினார்.

"என்னால் வர முடியாது, லூக். வேறு ஆளைப் பார்."

"இதற்குப் பிறகு பனி இருக்காது, ராசா."

"தெரியும்."

டொக். டொக். பின்னால் ஊன்றுகோல் வந்தது. லூக் அந்தக் கோலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலைக்கவசத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அஜந்தாவின் கையில் ஒரு பை. உள்ளே முறுக்கும் பயித்தம்பணியாரமும்.

"வீட்டுக்கு வந்தவர் வெறுங்கையோடை போகக்கூடாது. வாங்கச் சொல்லுங்கோ," என்றாள். அவள் கண் அருமைராசாவின் முகத்துக்கு வரவில்லை.

லூக் "மெர்சி, மதாம்" என்று பையை வாங்கிப் படியிறங்கினான். அவன் வண்டி தெருமுனையில் திரும்பியும் அருமைராசா அசையவில்லை. திறந்த கதவால் காற்று இரைந்து வந்து சேட்டுக்குள் புகுந்து புடைத்தது. அவர் கண்ணை மூடி நின்றார்.

"குளிருதப்பா," என்றாள் அஜந்தா, மிக மெதுவாக.

அவர் கதவைச் சாத்தினார்.