கல்யாணத்தை நிறுத்தி வைத்த போட்டோகிராஃபர்

கேமராவைக் கண்ணில் வைத்தால் மூக்கு நுனி பின்பக்க ஸ்கிரீனில் பட்டு, ஐஸ் வைத்தது போல் சுரீர் என்றிருக்கும். மூச்சு விட்டால் வியூஃபைண்டர் முழுக்க ஆவி. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளிக். அப்புறம்தான் சுவாசம்...

மேற்கு வர்ஜீனியா மலையில் நாங்கள் இருந்த மூன்று குளிர்காலமும் எனக்கு இப்படித்தான் போனது.

மனைவிக்கு அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை. எனக்கு ஹெச்-ஃபோர் விசா. அதாவது சமைக்கலாம், துவைக்கலாம், வேலைக்கு மட்டும் போகக்கூடாது. ஈரோட்டில் இன்ஜினியர் என்று நெஞ்சை நிமிர்த்தியவன், அந்த ஊரில் 'டாக்டரோட ஹஸ்பெண்ட்'. மளிகைக் கடையில், தபால் ஆபீஸில், எல்லா இடத்திலும் எனக்கு அதே பெயர்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். உள்ளுக்குள் வலிக்கும், பொய் சொல்வானேன்.

பொழுது போகாமல்தான் பழைய கேமராவை வெளியே எடுத்தேன். காலையில் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நேராக மலை ரோடு. குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் ஒன்று கேமராவில், இரண்டு பனியனுக்குள். பனி தள்ளும் வண்டி, சர்ச்சில் பான்கேக் சுடும் ஆண்கள், ஸ்கூல் பாஸ்கெட்பால் மேட்ச்... யார் கேட்டாலும் சும்மாவே எடுத்துக் கொடுப்பேன். அன்பாக ஜாம் பாட்டில் வரும், விறகு வரும். ஒருவர் தான் வேட்டையில் சுட்ட மானோடு பிக்கப் டிரக் முன்னால் நின்று போஸ் கொடுத்துவிட்டு, கால் பங்கு மானை வைத்துக்கொள் என்றார். நான் சைவம். அதை அவருக்குப் புரியவைப்பதற்குள் வெயில் போய்விட்டது.

ஒரே ஒரு விதி உண்டு. குளிர்ந்த லென்ஸோடு சூடான வீட்டுக்குள் போனால், மூக்குக்கண்ணாடி போட்டவன் சாம்பார் அண்டாவை எட்டிப் பார்த்த கதைதான். கேமராவைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அந்த அரை மணியில் காபி வரும், ஊர்க்கதை வரும். பாதி ஊர் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருக்கும் கெய்லா போன் செய்தாள். அன்றைக்கு அவளுக்குக் கல்யாணம். சிட்டியிலிருந்து வரவேண்டிய போட்டோகிராஃபர் பனியில் மாட்டிக்கொண்டாராம். அவளுடைய அப்பா நிமோனியாவோடு என் மனைவியின் ஆஸ்பத்திரியில் பத்து நாளாகப் படுக்கையில். மலை மேலிருக்கும் அந்த சர்ச்சில் போன் சிக்னலும் கிடையாது. மகள் கல்யாணத்தை அவர் பார்ப்பதென்றால் போட்டோவில்தான். வர முடியுமா என்று கேட்டாள்.

"பதட்டப்படாம எடுங்க. அவங்கப்பா பாக்கப்போறது இதை மட்டுந்தான்" என்றாள் மனைவி.

இதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் பதட்டம் வராது...

பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, கெய்லா மேடையில் நின்றுகொண்டிருந்தாள். ஓட்டமாக உள்ளே போய் கேமராவை எடுத்தேன். வெள்ளை. துடைத்தேன். மறுபடியும் வெள்ளை. அவசரத்தில் விதி மறந்துபோச்சு. பாஸ்டர் மோதிரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

நம் ஊர்க் கல்யாணத்தில் போட்டோகிராஃபர் சரி என்றால்தானே தாலியே கழுத்துக்குப் போகும்... அதைப் பார்த்து வளர்ந்த புத்தி. விறுவிறுவென்று மேடையேறி, பாஸ்டருக்கும் மணமக்களுக்கும் நடுவில் நின்று கையைத் தூக்கினேன். பதறிய வாயில் தமிழ்தான் வந்தது.

"மாப்ள, அப்படியே நில்லுங்க. மோதிரம் போட்றாதீங்க."

சர்ச்சே உறைந்துவிட்டது. வியர்த்துக்கொண்டே இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். லென்ஸில் ஆவி, கொஞ்ச நேரம் வேண்டும், அவள் அப்பா பார்க்க வேண்டும். முதல் பெஞ்சிலிருந்து கெய்லாவின் அம்மா எழுந்து, இருபது வருஷம் வளர்த்த பெண்ணை அனுப்ப இருபது நிமிஷம் காத்திருக்கலாம் என்றார். ஒரே சிரிப்பு. ஒருத்தர் பியானோ வாசித்தார். கல்யாணப்பெண் ஷூவைக் கழற்றிவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்து கதை பேசினாள். லென்ஸ் தெளிந்ததும் மாப்பிள்ளையை மூன்று தடவை மோதிரம் போட வைத்தேன்.

அங்கெல்லாம் போட்டோகிராஃபர் பின் சுவரோடு ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் எடுக்க வேண்டுமாம். கேக் சாப்பிடும்போதுதான் சொன்னார்கள்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டு கெய்லாவின் அம்மாவிடம் கொடுத்தேன். சாயந்திரம் மனைவி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள். போட்டோவைப் பார்த்து, நான் கல்யாணத்தை நிறுத்திய கதையையும் கேட்டு, கெய்லாவின் அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இவள் என்னவோ ஏதோ என்று ஓடியிருக்கிறாள். பத்து நாளாக இவளை டாக்டர், டாக்டர் என்று கூப்பிட்டவர், அன்றைக்கு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்.

"'நீங்க அந்த போட்டோகிராஃபரோட வைஃப் தானே'ன்னு கேக்கறாருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுப்பில் இருந்தது ரசம்.

இப்போது நியூ ஜெர்சி, மான்மவுத் ஜங்ஷன். கிரீன் கார்டு வந்தாயிற்று. எனக்கு ஐ.டி. வேலை, நாள் முழுக்க மீட்டிங். பனி பெய்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. மகளின் ஸ்கூல் விழாவுக்குப் போன் கேமராவே போதுமாகிவிட்டது. தெருவில் நாங்கள் இரண்டு பேருமே 'தியாவோட பேரன்ட்ஸ்'. நல்ல வாழ்க்கைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஏதாவது வீட்டு பார்ட்டியில் புது ஆள் யாராவது, நீங்க என்ன பண்றீங்க என்று என்னைக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொள்கிறாள்.

"இவர் போட்டோகிராஃபருங்க."

நானும் திருத்துவதில்லை. திங்கட்கிழமை காலை வரைக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே...