அமைச்சருக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

யுத்தம் நடந்த காலத்தில், புதிய அரசியலமைப்பு யோசனைகளைத் தமிழருக்கு விளக்கவென்று ஒரு பிரதி அமைச்சர் தமிழர் அதிகம் வாழும் வெள்ளவத்தைக்கு வந்தார். அரசாங்கத் திணைக்களமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்த என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஜீப்பில் கூட்டிப்போனார்கள். அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொல்வது என் வேலை.

அன்று விடியற்காலையில்தான் அந்தப் பகுதியில் இராணுவம் வீடு வீடாகத் தேடிய சுற்றிவளைப்பு நடந்திருந்தது. இருந்தும் மண்டபம் நிறைந்திருந்தது. மக்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டதென்று ஏற்பாட்டாளர் பூரித்தார். வராதவர்களைப் படையினர் குறித்துவைப்பார்களோ என்ற பயத்தில் வந்தவர்களே பாதிப்பேர்.

அமைச்சர் மாலையைக் கழற்றாமலே பேசினார். அதிகாரம் பகிரப்படுமாம், இனி எல்லோரும் சமமாம். நாமெல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் கூசியது. முன்வரிசையில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்கலாம் என்றதும் நடுவில் ஒரு பெண் எழுந்தாள்.

“சேர், என்ர தம்பிய இண்டைக்கு விடியக் காலம லொட்ஜில இருந்து பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இந்தப் புதுச் சட்டம் வந்தா அவன விடுவாங்களோ?”

ஏற்பாட்டாளர் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தமிழர். மந்திரிமாரோடு படம் எடுப்பதில் பிரியம் உள்ளவர். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“தங்கச்சி, அதைச் சொல்லாதேங்கோ. கூட்டம் முடியக் கதைப்பம்.”

நான் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அமைச்சரின் சிரிப்பு அப்படியே இருந்தது. அது பாதுகாப்பு விஷயம், அரசியலமைப்போடு சம்பந்தமில்லை என்றார். அதையும் மெருகு பூசாமல் தமிழில் சொன்னேன்.

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. ஏன் போகிறார்கள் என்று அமைச்சர் என்னிடம் கேட்டார். அவர்களுக்கு விளங்கிவிட்டது என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அதன்பிறகு என்னை எந்த மேடைக்கும் கூப்பிடவில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணைத் தெஹிவளை பஸ்ஸில் கண்டேன். தம்பியைக் காரணம் சொல்லாமல் பிடித்ததுபோலவே காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்களாம். அவன் வெளிநாடு போய்விட்டான். அந்த அரசியலமைப்பு யோசனைகள் சட்டமாகவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கக்கூட இல்லை.