அவள் குந்தவில்லை

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழை சமயம், கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டில் நடந்தது. நான் தேயிலை ஃபேக்டரியில் வேலை. என் மனைவி இலை பறிப்பவள். சரிவில் விழுந்து இடுப்பு உடைந்து, செயற்கை மூட்டு வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குந்தக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, மூட்டு கழன்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். அடுப்புக்கு முன்னால் தரையில் கிடந்தாள். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. மேலே இருந்த டப்பாவை எடுக்க நின்றபடி திரும்பினேன், விழுந்துவிட்டேன் என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். ஆபரேஷன் செய்த டாக்டர் அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்க ஆளுங்களுக்கு எத்தனை சொன்னாலும் குந்துனாத்தான் சோறு இறங்கும்" என்றார். நர்ஸ் சிரித்தாள். மூட்டை உள்ளே தள்ளிவிட்டு, சொன்னபடி நடக்கவில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

நானும் அதையே நம்பினேன். அடுப்படியில்தானே கிடந்தாள். வீட்டில் உட்கார வைத்திருந்த மணையைத் தூக்கி வெளியே போட்டேன். நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துப் போனேன். காவல்தான் அது. "நாங் குந்தலைங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற என்னிடம் கிளிப் வாங்கத் திரும்பினாள். கால் ஊன்றியபடி இருந்தது, உடம்பு மட்டும் திரும்பியது. டொக்கென்று சத்தம். விழுமுன் பிடித்தேன்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. நின்றுகொண்டிருந்தாள், நானே பார்த்தேன் என்றேன். டாக்டர் நிமிரவில்லை. பொண்டாட்டிக்குப் பரிந்து பேச வேண்டாம் என்றார். மூட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, போன தடவை எழுதியதையே திரும்ப எழுதினார்.

கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே இரண்டையும் பார்த்தார். இடுப்பில் வைத்த செயற்கை மூட்டின் கிண்ணம் அளவுக்கு மேல் முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறதாம்.

"குந்துனா பெரும்பாலும் பின்பக்கமாத்தான் கழலும். இவங்களுக்கு ரெண்டு தடவையும் முன்பக்கம், நின்னபடி திரும்புனா அப்படித்தான் கழலும். முதல் தடவை எடுத்த படத்துலயே தெரியுதே."

முதல் படத்திலேயே. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஆள் சோற்றைப் பற்றிப் பேசினார்.

கிண்ணத்தை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். இப்போது நடக்கிறாள். அந்த டாக்டரை நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவள் விடவில்லை.

"அவரு என்னைய நாலு நாள் பாத்தவருங்க. நீங்க முப்பது வருசமாப் பாக்கறீங்க."

அந்த டாக்டர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் யாரிடம் அதைச் சொன்னாலும், அவளை நம்பாத ஆள் வீட்டுக்குள்ளேயும் ஒருவன் இருந்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.